புளியமரத்தடியில் என்ன நாற்றம்?

போன வாரம் எங்கள் வீட்டில் படைப்பு. நாலு ஊரிலிருந்து பங்காளிகள் வந்து கூடியிருக்கிற நேரத்தில், வீடு முழுக்கப் பிண நாற்றம். என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்...

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. படைப்பு என்பது, எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் குடும்பத்தில் மறைந்தவர்களுக்குப் புதுத்துணி வைத்து, இலை போட்டுக் கும்பிடுகிற நாள். சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கிற பங்காளிகள் அன்றைக்குத்தான் ஒன்றாகச் சேர்வார்கள். கீழச்சிவல்பட்டி வீட்டில் குடியிருப்பது நானும் மனைவி மெய்யம்மையும்தான். ஆனால் வீடு எல்லோருக்கும் பொது. ஒருவர் தலையாட்டாவிட்டாலும் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்த முடியாது.

இந்தத் தடவை நகர்த்த நினைத்தது செங்கல் அல்ல — கொல்லையில் நிற்கும் புளியமரம்.

"வெட்டிப்புட்டு பேவர் பிளாக் போட்டுருவோம் தம்பி. மேல ஷீட்டு. சமையலுக்கும் ஆச்சு, கார் நிறுத்தவும் ஆச்சு" என்றார் லெட்சுமணன் அண்ணன். சென்னையில் இருக்கும் என் பெரியப்பா மகன். "அதுக்கடியில என்ன முளைக்கப் போகுது?"

மற்ற எல்லோரும் சரி சொல்லிவிட்டார்கள். பாக்கி நான் ஒருத்தன். அண்ணன் சொல்லி நான் மறுத்துப் பேசியதாகச் சரித்திரமே கிடையாது.

மெய்யம்மை என்னை உள்ளே கூப்பிட்டாள். "நீங்க சரின்னு சொல்லிறாதீக" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் கெஞ்சவில்லை.

"படைப்பு முடியட்டும்ணே, பேசுவோம்" என்று தள்ளிப்போட்டேன். வேறென்ன செய்வேன்?

அண்ணன் சொன்னதும் முழுப் பொய் இல்லை. அந்த மரத்தடியில் மெய்யம்மை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முதலில் ரோஜா வைத்தாள் — வெயிலைத் தேடி நீண்டு, நோஞ்சானாகிச் செத்தது. மல்லிகை இலையோடு நின்றுவிட்டது. பிறகுதான் அவள் மரத்தைக் கேட்டு வைக்க ஆரம்பித்தாள். நிழலில் எது பிழைக்கும்? வேரோடு சண்டை போடாமல் எது கிடைத்ததைக் குடிக்கும்? மண்வெட்டியை ஓரம் கட்டிவிட்டு, காய் நறுக்கும் கத்தியால் வேருக்கும் வேருக்கும் நடுவில் சின்னக் குழி. அதில் சின்னச் செடி. அடிமரத்தில் மண்ணைக் குவிக்கக் கூடாது, உதிர்ந்த இலையைக் கூட்டி அள்ளக் கூடாது என்று எனக்கும் சட்டம். மஞ்சள் வந்தது. ஸ்நேக் பிளான்ட் வந்தது. அடுப்படியில் முளைவிட்டுக் கிடந்த கருணைக்கிழங்கு (வெளியூரில் சேனை என்பார்கள்) துண்டு ஒன்றையும் சில வருஷத்துக்கு முன்னால் புதைத்தாள். அது மழைக்கு ஒற்றை இலையைக் குடையாக விரிக்கும், வெயிலில் காணாமல் போகும். நான் அதைக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளவில்லை.

பொழுது சாயும்போது கிளம்பியது அந்த நாற்றம்.

"எலி செத்திருக்கு" என்றார் சமையல்காரர். சாக்கடையைப் பார்த்தோம், பரணைப் பார்த்தோம், கிணற்றை எட்டிப் பார்த்தோம். வேட்டி மடித்துக் கட்டிய பங்காளிகள் மூக்கில் துண்டோடு மூலைக்கு ஒருவராக மோந்து திரிந்த காட்சி இருக்கிறதே...

"இங்குட்டு வாங்க" — கொல்லையிலிருந்து மெய்யம்மையின் குரல். "டார்ச் கொண்டாங்க."

போனோம்.

புளிய வேர்களுக்கு நடுவில், இலை இல்லை, கிளை இல்லை, தரையைப் பிளந்துகொண்டு நேராக ஒரு பூ. தாம்பாளம் அகலம். கசங்கிய வெல்வெட் மாதிரி கருஞ்சிவப்பு மடல். நடுவில் மனித மூளை போல மடிப்பு மடிப்பாக ஒரு கொண்டை. ஈக்களும் வண்டுகளும் மொய்த்தன. நாற்றம் அதிலிருந்துதான்.

"நம்ம கருணைக்கிழங்குங்க" என்றாள். "இத்தனை வருஷம் உள்ளேயே இருந்து, கோடைமழைக்கு இப்பப் பூத்திருக்கு. தொட்டுப் பாருங்க... சுடுது."

தொட்டேன். நிஜமாகவே சூடு. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி. ஒரு பூவுக்கு உடம்பு சுடுமா? அறுபது வயதுக்கு மேல் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அண்ணாந்து பார்த்தேன். தினமும் காலையில் நான் பல் துலக்குகிற அதே மரம்தான். இந்தப் பக்கத்துக் கிளையும் அந்தப் பக்கத்துக் கிளையும் எங்கே முடிகின்றன என்றே தெரியவில்லை.

"அண்ணே, மரத்தை வெட்ட வேண்டாம். எனக்குச் சம்மதம் இல்லை" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

அண்ணன் குனிந்து, துண்டை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, அவரும் தொட்டார். கையை எடுக்க வெகு நேரமாயிற்று. நிமிர்ந்ததும் செல்போனை எடுத்து, பேவர் பிளாக் போடுகிற கான்ட்ராக்டரைக் கூப்பிட்டார்.

"வேண்டாம்ப்பா... இல்ல, இடம் தோதுப்படல. அங்க முன்னாடியே ஒருத்தவுக குடியிருக்காக."

நாற்றம் அன்றைக்குப் போகவில்லை. அதோடுதான் முன்னோர்களுக்கு இலை போட்டோம். அவர்கள் யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.