பதினைந்தாம் எண்ணுக்கு எதிரே ஒரு காலிக் கட்டம்

வியாழக்கிழமை மாலை, சைட்டில் ஸ்டோரைப் பூட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ‘மீரான் காக்கா’ என்று பெயர் காட்டி ஒரு செய்தி வந்து விழுந்தது. திறக்கவில்லை. அக்டோபர் பிறந்துவிட்டது, சீசன் தொடங்கப்போகிறது, காக்கா என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். என்ன சொல்லித் தப்பிக்கலாம் என்று யோசித்தபடியே ஷார்ஜா முவைலாவில் இருக்கும் என் அறைக்குப் போகக் கம்பெனி வண்டி ஏறினேன். டூட்டி என்று போன முறை சொல்லியாயிற்று, இந்த முறை மூட்டுவலி என்று சொல்லலாம். அந்தப் பொய்யை மனசுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் செய்தியைத் திறந்தேன். “நான் மீரானுடைய மகன். எங்க வாப்பா இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு கடையிலேயே வஃபாத் ஆயிட்டாங்க. நாளை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அடக்கம். வாப்பாவுக்காக துஆ செய்யுங்கள்” என்று இருந்தது.

வண்டியில் என்னோடு முப்பது பேர் வந்தார்கள். பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லலாமா என்று திரும்பினேன். அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் பெயர் தெரியாது.

காக்காவோடு விளையாடியவர்களுக்கும், எதிரணியில் நின்று அவரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். அவரைத் தெரியாதவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்குச் சில வார்த்தைகள். செய்யது மீரான், இங்கே சத்வா கடைத்தெருவில் தையல் சாமான் கடை வைத்திருந்தவர். பொத்தான், ஜிப், லைனிங் துணி, நூல்கண்டு. கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் முந்தியவர். அவருடைய கடற்கரை ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நான் உள்நாட்டுக் கரிசல்காட்டுக்காரன், என் பெயர் சுடலைமுத்து. எனக்கு அண்ணன் கிடையாது. விடுதியில் எல்லாரும் கூப்பிட்டதைப் பார்த்து நானும் காக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன், அது அப்படியே நின்றுவிட்டது.

தமிழ்நாட்டுக் கல்லூரிகள் எட்டின் பழைய மாணவர்கள் சேர்ந்து இங்கே ஒரு கூடைப்பந்து லீக் நடத்துகிறோம். அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஞாயிறு காலைகளில், ஷார்ஜாவில் ஒரு பள்ளிக்கூடத்து உள்ளரங்கை வாடகைக்கு எடுத்து. லீக் முடிந்ததும் நாக் அவுட். இருபத்தைந்து வயதுப் பையன்களும் விளையாடுவார்கள், தொப்பையை பனியனுக்குள் அடக்க முடியாத என் போன்றவர்களும் விளையாடுவோம். எங்கள் அணிக்கு மேனேஜர், கோச், தண்ணீர் கேன் தூக்குகிறவர் எல்லாமே காக்காதான்.

பனியன்களும் அவர் கடையில்தான் உருவாயின. அச்சடித்த எண் இரண்டு துவைப்புக்குத் தாங்காது என்று சொல்லி, நாலிலிருந்து பதினைந்துவரை எண்களை வெள்ளைத் துணியில் வெட்டி, பக்கத்துக் கடை டெய்லரிடம் கொடுத்துத் தைத்து வாங்கிவிட்டார். அணியில் உயரமும் பருமனும் நான்தான், இருப்பதிலேயே பெரிய பனியன் எனக்கு, அதனால் பதினைந்து எனக்கு. போட்டுப் பார்த்தால் முதுகில் அந்த ஐந்து குடித்தவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. “என்ன காக்கா இது” என்றேன். “முன்னால பார்த்து வெளையாடு. முதுகை யாரு பார்க்கப் போறா?” என்றார். அதைப் பிரித்துத் தைக்கவே இல்லை.

வியாழன் மாலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. “ஞாயித்துக்கெழம பேரை எழுதட்டுமா?” என்பார். “எழுதுங்க காக்கா” என்பேன். அவ்வளவுதான். ஆட்டத்துக்கு முன்னால் பன்னிரண்டு பெயர்களை ஸ்கோர் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு டேபிளில் கொடுக்க வேண்டும். அதில் பெயர் இருப்பவன் ஆட்டம் தொடங்கிய பிறகு ஓடி வந்தாலும் இறங்கலாம். பெயர் இல்லாதவன் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனாக இருந்தாலும் கேலரியில்தான் உட்கார வேண்டும். எண் வரிசைப்படி எழுதுவதால் என் பெயர் எப்போதும் கடைசி வரியில் வரும். ஆட்டக்காரன் களத்தில் இறங்கியதும் அவன் பெயருக்கு எதிரே உள்ள கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவார்கள்.

அந்த ஒரு போன் எனக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். என் அறையில் நாலு பேர். நாலு பேருக்கும் வெவ்வேறு ஷிஃப்ட். ஒருவன் எழுந்திருக்கும்போது ஒருவன் படுப்பான், ஒரு வாரம் முழுக்கப் பேசாமலே போய்விடும். ஊரிலிருந்து வரும் போன்களில் ஏதாவது ஒரு தேவை இருக்கும், அவர்களைக் குறை சொல்லவில்லை, அதற்காகத்தானே இங்கே இருக்கிறேன். ஆனால் நான் வருவேனா மாட்டேனா என்பதை மட்டும் தெரிந்துகொள்ள ஒரு மனிதர் கூப்பிட்டார் என்றால், அது காக்கா ஒருவர்தான். பன்னிரண்டு வருடமாக.

போன சீசன் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் அணி ஒரே ஒரு ஆட்டத்தில் தோற்று, லீக்கில் முதலிடத்தில் முடித்தது. நானும் வாரா வாரம் போனேன், கடைசி இரண்டு மூன்று நிமிடம் காக்கா இறக்கிவிடுவார். லீக்கின் கடைசி ஆட்டத்தில் நாங்கள் வெகுவாக முன்னணியில் இருந்தோம். இறங்கினேன். கூடைக்கு அடியில் தனியாக நின்ற என் கைக்குப் பந்து வந்தது. குதித்தேன். குதித்ததாக நான்தான் நினைத்துக்கொண்டேன், கால் தரையைவிட்டுக் கிளம்பவில்லை. பந்து வளையத்தின் அடியில் பட்டு என் தலையிலேயே விழுந்தது. எங்கள் பெஞ்ச்சே சிரித்தது. யாரோ ஒருவர் வீட்டம்மா அதை வீடியோ எடுத்திருந்தார், சாயங்காலம் குரூப்பில் வந்தது. சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். ஆனால் அறையில் தனியாக உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நாற்பத்தாறு வயதில் ஒருவன் இப்படியா கூசிப்போவான் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்ததே தவிர கூச்சம் போகவில்லை.

அடுத்து நாக் அவுட்டின் முதல் சுற்று. எதிரே எட்டாம் இடத்து அணி, லீக்கில் இரண்டு முறையும் சுலபமாக ஜெயித்திருந்தோம். அந்தச் சமயம் எங்கள் கல்லூரியிலிருந்து புதிதாக வந்திருந்தான் ஜெபராஜ், டெலிவரி வேலை, என்னைவிட அரையங்குலம்தான் குறைவு, வயதில் பாதி. இடம் காலியானால் ஆடலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் வந்து கேலரியில் காத்திருப்பான். வியாழக்கிழமை காக்கா கூப்பிட்டு “எழுதட்டுமா?” என்றபோது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அடுத்த வியாழன் போன் வராது என்று பயந்தேன். “எழுதுங்க” என்றேன்.

ஞாயிறு காலை பனியனைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பள்ளிக்கூடத்து நிறுத்தத்தில் இறங்கினேன். வாசலில் நம் ஆட்கள் கார்களிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகளும் குடும்பங்களுமாக நல்ல கூட்டம். சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு கஃபட்டேரியா இருக்கிறது. ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று வெளியே போட்டிருந்த நாற்காலியில் சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். போனை சைலன்ட்டில் போட்டேன். பதினோரு பேர் இருக்கிறார்கள், எட்டாம் இடத்து அணிதானே, நான் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று டீ குடித்தேன். பிறகு திரும்பவும் பஸ் ஏறி அறைக்கு வந்துவிட்டேன்.

ஆட்டத்தில் நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். வந்திருந்த எங்கள் ஆட்களில் உயரமாக இருந்த ஒரே ஆள் மூன்றாம் கால் பகுதியிலேயே ஐந்து ஃபவுல் ஆகி வெளியேறினான். அதன்பிறகு கூடைக்கு அடியில் நிற்க எங்களுக்கு ஆளில்லை. தவறி விழுந்த பந்தையெல்லாம் அவர்களுடைய நெட்டையன் எடுத்துக்கொண்டான். கடைசிப் பந்தும் அப்படித்தான், வளையத்தில் பட்டுத் திரும்பியதை எடுத்து அவன் உள்ளே போட்டதில் ஒரே பாயின்ட்டில் தோற்றோம். ஆறு மாத சீசன் முதல் சுற்றிலேயே முடிந்தது. ஜெபராஜ் ஷூ லேஸைக்கூட அவிழ்க்காமல் கேலரியில் உட்கார்ந்திருந்தானாம்.

ஷீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், வராத என் பெயரை வெட்டிவிட்டு ஜெபராஜ் பெயரை எழுதச் சொல்லி டேபிளில் இருந்தவரே கேட்டிருக்கிறார். காக்கா முடியாது என்றுவிட்டார். “வர்றேன்னு சொன்னவன் பேரை வெட்ட மாட்டேன்” என்றாராம். இதைத்தான் கோடை முழுவதும் குரூப்பில் பேசினீர்கள். காக்காவின் பிடிவாதம் சீசனைக் காவு வாங்கிவிட்டது, வயதாகிவிட்டது, அடுத்த முறை வேறு மேனேஜரைப் பார்க்கலாம் என்று எழுதினீர்கள். அவர் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. நான் எழுதியிருக்க வேண்டும்.

ஆட்டம் முடிந்த அன்று மத்தியானம் அவரே என்னைக் கூப்பிட்டார். “டூட்டி போட்டுட்டாங்க காக்கா, சொல்லக்கூட நேரமில்ல” என்றேன். “சாப்பிட்டியா?” என்றார். “சாப்பிட்டேன்” என்றேன். அதுவும் பொய். “சரி. அடுத்த சீசன் பார்ப்போம்” என்று வைத்துவிட்டார். நல்லவேளை நம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

அடக்கத்துக்குப் போனேன். தொழுகை நடந்தபோது நான் சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றேன். பக்கத்தில் இன்னொருவனும் வந்து நின்றான். ஜெபராஜ். அந்தக் கூட்டத்தில் எங்கள் இருவருக்கும்தான் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. வெயில் இன்னும் குறையவில்லை. ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்த பிறகு, மனசு தாங்காமல் அவனிடம், “தம்பி, அன்னிக்கு எனக்கு டூட்டி இல்ல” என்று தொடங்கினேன்.

“தெரியும்ணே” என்றான்.

“எப்படித் தெரியும்?”

“ஷீட்ல கையெழுத்து போடறதுக்கு முன்னால, உங்களக் காணோமேன்னு காக்கா வாசலுக்கு வந்தாரு. நானும் கூட வந்தேன். எதிர்க்கடையில நீங்க அங்கிட்டுத் திரும்பி உக்காந்திருந்தீங்க. முதுகுல அந்தச் சாஞ்ச அஞ்சு தெரிஞ்சுது.”

அவனே சொன்னான். “நான் போய்க் கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், பாத்துட்டோம்னு தெரிஞ்சா அவன் இனிமே வரவே மாட்டான்னாரு. அப்ப என் பேர எழுதுங்க காக்கான்னேன். நான் சின்னப்பய, ஆசைல கேட்டுட்டேன். அதுக்கு, ‘ஒனக்கு இன்னும் நூறு மேட்ச் இருக்கு. அவனுக்கு இந்த ஞாயித்துக்கெழமய விட்டா என்ன இருக்கு? அவன் பேர நான் வெட்டினா அவன் எங்க போவான்?’ன்னாரு. யார்ட்டயும் சொல்லாதன்னாரு. நான் சொல்லல.”

இதுதான் உங்களிடம் நான் சொல்ல வேண்டியது. காக்காவுக்குக் கண் தெரியாமல் போகவில்லை, கணக்கும் தப்பவில்லை. நான் வரமாட்டேன் என்று தெரிந்தே என் பெயரை விட்டுவைத்தார். அந்தத் தோல்வி அவருடையதல்ல, என்னுடையது. அவர் காது கேட்க இதைச் சொல்லாமல் விட்டதற்கு எனக்கு மன்னிப்பு கிடையாது. அவரைப் பேசியவர்கள் இனி என்னைப் பேசுங்கள்.

ஒரு வாரம் கழித்து சத்வா கடைக்குப் போனேன். மகன் ஒரு ஃபைலை எடுத்து வைத்திருந்தான். பழைய ஷீட்டுகள், தோற்ற அணிக்குக் கொடுக்கும் மஞ்சள் நகல்கள்தான் அதிகம், நாம் ஜெயித்ததைவிடத் தோற்றதுதானே அதிகம். அன்றைய ஷீட் மேலாகவே இருந்தது. பதினோரு பெயர்களில் ஆடியவர்களுக்கு எதிரே குறி இருந்தது. பன்னிரண்டாவது வரியில், அழுத்தமான கையெழுத்தில் என் பெயர், பதினைந்து, எதிரே காலிக் கட்டம். அதை மட்டும் கேட்டு வாங்கிவந்தேன். அறையில் பெட்டிக்குள் பனியனோடு வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இந்த இரண்டும்தான்.

இந்த வருடம் ஜெபராஜ்தான் அணியைப் பார்த்துக்கொள்கிறான். போன வியாழன் ஏழு மணிக்குப் போன் அடித்தது. எடுக்கவே பயமாக இருந்தது. “அண்ணே, எழுதட்டுமா?” என்றான். “எழுது” என்றேன்.

ஞாயிறன்று சீக்கிரமே போய்விட்டேன், இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. கஃபட்டேரியாவில் நிற்காமல் நேரே சாலையைத் தாண்டினேன், முப்பது தப்படிகூட இல்லை. பள்ளிக்கூடத்து வாசலில், காக்கா நின்றிருக்கக்கூடிய இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் அந்தக் கடையின் ஒவ்வொரு நாற்காலியும் தெளிவாகத் தெரிகிறது.