துடைத்து எடுத்துச் சென்ற கணினி

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, சித்திரை வெயில் உச்சத்தில் இருந்த நாட்களில், இராஜபாளையத்தில் எங்கள் வீட்டின் பின்னறையில் தொடங்கியது இது.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் பணியாற்றுகிறேன். எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் என் அருகில் நின்று பாடும் பெண்ணுக்குப் பார்வை கிடையாது. அவர் அப்போது அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு வயது வரம்பு தடுத்துவிடும் என்பதால் அதுவே அவருக்குக் கடைசி வாய்ப்பு. இயந்திரக் குரல் வாசிக்கும் பாடம் மனதில் தங்குவதில்லை என்று ஒருநாள் சொன்னார். நானே வாசித்துப் பதிவு செய்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அதற்கென ஒரு கணினியை நானே பொருத்தினேன். பாகங்களை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சிறிய கடையில் வாங்கினேன். கடைக்காரர் ராணுவத்தில் பணிமுடித்துத் திரும்பியவர். நூல்களைப் படித்து, காணொளிகளைப் பார்த்து, ஒவ்வொரு திருகாக முடுக்கி, முதன்முறை திரை ஒளிர்ந்தபோது நான் அடைந்த பெருமிதத்தை இப்போது நினைத்தால் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

முதல் பாடத்தைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் தொலைபேசியில் அழைத்தார். “குரல் நல்லாருக்குக்கா. ஆனா பின்னால ஒண்ணு உஸ்ஸுன்னுகிட்டே இருக்கு. நீங்க வாசிக்கையில பக்கத்துல யாரு புட்டு அவிக்கிறது?”

அது கணினியின் விசிறிச் சத்தம். அமைப்புகளுக்குள் சென்று விசிறியின் வேகத்தைக் குறைத்தேன். எங்கள் தெருவில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் உண்டு. பகல் முழுவதும் பஞ்சுத் தூசி காற்றில் மிதக்கும். குழாய் வாயிலிருந்து ஜன்னல் வலை வரை எல்லாவற்றுக்கும் அந்தத் துணிதான் எங்களுக்கு வடிகட்டி. ஆகவே அதையே நான்காக மடித்து, கணினிப் பெட்டியின் முன்மூடிக்குள் வைத்துக் கட்டினேன். தூசியும் போயிற்று, சத்தமும் அடங்கிற்று.

இரண்டு வாரம் கழித்து, வாசித்துக்கொண்டிருக்கும்போதே கணினி அணையத் தொடங்கியது. எந்த எச்சரிக்கையும் இல்லை. திரை கறுத்துவிடும், அதுவரை வாசித்தது போய்விடும். தேர்வுக்கு இருபதே நாட்கள். பதிவுக்காக ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்வை வழிய உட்காருவேன். கண் வரியில் இருக்கும். காது அது அணையும் ‘டப்’ சத்தத்துக்காகக் காத்திருக்கும். அணைவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வேகமாக வாசித்துத் தடுமாறுவேன். திரும்பவும் முதலிலிருந்து. இரவில் படுத்தாலும் எந்த இணைப்பை இன்னும் பார்க்கவில்லை என்று மனம் துழாவிக்கொண்டே இருக்கும். நினைவகப் பட்டைகளைக் கழற்றி அழிப்பானால் தேய்த்தேன். கம்பிகளை மாற்றினேன். மூடிகளையெல்லாம் திறந்து மேசையில் பரப்பிச் சோதித்தால் ஒரு குறையும் இராது. மூடிப் பொருத்தி வாசிக்க உட்கார்ந்தால் அணையும்.

கடைக்கு எடுத்துச் சென்றேன். புறப்படும் முன், தூசி படிந்த அந்தத் துணியைக் கழற்றித் துவைக்கப் போட்டுவிட்டு, கணினியை உள்ளும் புறமும் துடைத்தேன். அழுக்கோடு ஒரு பொருளை வெளியாரிடம் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை. டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அவர் அரைநாள் ஓடவிட்டுப் பார்த்தார். “தங்கமா ஓடுது மேடம்” என்றார். வீட்டுக்கு வந்து துணியைக் கட்டினேன். மறுநாள் மாலை அணைந்தது. இரண்டாம் முறையும் அப்படியே.

மூன்றாம் முறை என் பொறுமை அறுந்தது. கடையில் இரண்டு பேர் நிற்கும்போதே, “பழைய பவர் சப்ளையைப் புதுசுன்னு என் தலையில கட்டிட்டீங்க” என்று சொல்லிவிட்டேன். கையில் ஒரு மவுஸை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் அதை மெல்ல வைத்துவிட்டு வெளியேறினார். கடைக்காரரின் முகம் சுருங்கியது. தம் சொந்தக் கணினியிலிருந்து மின்சாரம் தரும் அந்தப் பாகத்தைக் கழற்றி எனக்குப் பொருத்திக் கொடுத்தார்.

வீட்டில் வழக்கம்போல் துணியைக் கட்டி வாசித்தேன்; கணினி மறுபடியும் அணைந்தது. தேர்வுக்கு ஒன்பது நாட்கள். கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

அவர் கேட்டார். “கடைக்குக் கொண்டாரதுக்கு முன்னால என்ன செய்வீக மேடம்?”

“என்ன செய்வேன்? தூசி தட்டித் துடைச்சுக் கொண்டுவருவேன்.”

“இந்தத் தடவ ஒண்ணுந் தொடாதீக. அணைஞ்ச மேனிக்கே அள்ளிட்டு வாங்க.”

அந்தக் கோலத்தில் அதைப் பேருந்தில் கொண்டுபோக எனக்குக் கூசியது. ஆனாலும் போனேன். அவர் முன்மூடியைக் கழற்றினார். உள்ளே என் துணி பஞ்சேறிக் கம்பளி போலத் தடித்திருந்தது. இரு விரலால் அதைத் தூக்கிப் பார்த்தார். கடுமையாக ஏதோ சொல்லப்போகிறார், அதற்கு நான் தகுதியானவள்தான் என்று நின்றேன்.

“கட்டுப் போட்டுல்ல கூட்டிட்டு வந்திருக்கீக! அடி எங்க மேடம் பட்டுச்சு?” என்று சிரித்தார். விசிறி வேகத்தை நான் குறைத்திருந்ததையும் கண்டுபிடித்தார். “மூக்கயும் அடச்சு, மூச்சயும் மெதுவா விடுன்னா அது என்ன செய்யும், பாவம்? சூடு தாங்காம மயங்கி மயங்கி விழுந்திருக்கு.”

அன்றும் கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படியே, “தப்பு முழுக்க என்மேல. உங்களை அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது” என்றேன். “விடுங்க மேடம், பட்டாளத்துல கேக்காத பேச்சா?” என்றார். ஆனால் என்னைப் பார்க்காமல், விசிறியைச் சரிசெய்தபடியே சொன்னார். அது அவருக்கு வலித்திருந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மீதமிருந்த நாட்களில் உஸ்ஸென்ற சத்தத்தோடேயே பாடங்களை வாசித்து முடித்தேன். ஒரு பாடத்துக்கு மட்டும் நேரம் போதவில்லை. அந்தப் பெண் தேறிவிட்டார். இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் இருக்கிறார். “அந்த ஒரு பாடத்துலருந்துதான் ரெண்டு கேள்வி வந்துச்சுக்கா” என்று இன்னும் சீண்டுவார். நான் சிரித்துவிடுவேன், ஆனால் அந்த இரண்டு கேள்விகளை நினைத்தால் இப்போதும் உள்ளுக்குள் திடுக்கென்கிறது.

இன்றும் ஒருவர் மீது குற்றம் சொல்ல நாக்கு எழும்போதெல்லாம், அவர் கண்ணில் படாமல் நான் எதைத் துடைத்துவிட்டு வந்தேன் என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.