நனைந்த கருவாடு

முற்றத்துத் தார்ப்பாயில் நனைந்த கருவாட்டை அத்தை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பங்குனி வெயில்தான். ஆனாலும் நல்ல தண்ணீரில் ஊறி உப்பை இழந்த கருவாடு மேலே காயும், உள்ளே அழுகும். அது தெரிந்தும் புரட்டிக்கொண்டே இருந்தார்.

அத்தை அய்யாவின் தங்கை. மாமா இறந்தபின், கரையில் மீன் எடுத்துக் காயவைத்துப் பரமக்குடிச் சந்தையில் விற்றுவந்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரி முடித்தவள் நான். அந்தப் படிப்பில் அத்தையின் கருவாட்டுக்கும் பங்குண்டு என்பதைப் பெருமையாகவே சொல்வேன். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் போகாது. தெருப்பெண்கள் இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போவார்கள். அத்தை மட்டும் முன்னரே மூட்டை மூட்டையாகச் சேர்த்துவைத்து விற்பார். “ஐஸுத் தண்ணிக்குள்ள கையவிட்டு எவங்கிட்டயோ ஏச்சு வாங்க நான் ஆளில்லத்தா” என்பார்.

அத்தைக்குக் குவைத்திலிருந்த மகன் வாஷிங் மெஷின் வாங்கிக்கொடுத்தான். குழாய் இருந்த பக்கத்து அறையில், மூட்டைகளுக்கு அருகில் அதை வைத்தார்கள். எங்கள் தீவில் குழாய்த்தண்ணீர் என்று வரும், எந்நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் யாரும் குழாயை அடைப்பதில்லை. குடத்தில் விழும் சத்தம்தான் எங்களைக் கூப்பிடும். மெஷினின் குழாயையும் அத்தை அப்படியே திறந்துவைத்திருந்தார். மெஷின் ஓடாதபோது தண்ணீரின் அழுத்தம் முழுவதையும் குழாயிலிருந்து மெஷினுக்குப் போகும் ஹோஸ்தான் தாங்குகிறது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பெரிய வெள்ளியன்று எல்லோரும் சிலுவைப்பாதைக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது வாசற்படியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஹோஸ் கழன்று கிடந்தது.

“குடத்துக்குத் தண்ணியில்லாம சாகுறோம், ஒன் வீட்டுல மட்டும் கடல் பொங்குதாக்கும்?” என்றார் எதிர்வீட்டுப் பெண்.

“வாய் பாக்காம வந்து அள்ளுத்தா” என்றார் அத்தை. அப்போது அவர் மூட்டைகளைப் பார்த்திருக்கவில்லை.

பழுது பார்க்க வந்தவர் சொன்னதெல்லாம் எளிய விஷயங்கள்: துவைத்ததும் குழாயை அடையுங்கள், ஹோஸ் வீங்கினால் மாற்றுங்கள், மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். மெஷினை இறக்கியவர்கள் பொத்தான்களை மட்டும்தான் காட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

தடைக்காலம் தொடங்கியதும் அத்தை இறால் கம்பெனி வேனில் ஏறினார். மறுபடி மீன் எடுக்கக் கையில் முதல் சேரவேயில்லை. தடைக்காலம் முடிந்தும் வேன் வந்துகொண்டிருந்தது, அவரும் போய்க்கொண்டிருந்தார்.

இப்போது எனக்கு ராமநாதபுரத்தில் வேலை. துவைத்து முடித்ததும் குழாயை அடைத்துவிட்டுத்தான் நகர்வேன். போன மாதம் அத்தை வந்திருந்தார். “நான் பணம் தாரேன், இந்தத் தடவ சரக்கு எடுங்க அத்தை” என்றேன். அவர் கைகளை விரித்துக் காட்டினார். விரல் நுனிகள் வெளுத்து, தோல் வெடித்திருந்தது.

“இனி ஏலாதுத்தா. உப்பத் தொட்டாலே எரியுது.”

காலையில் வேனைப் பிடிக்க வேண்டுமென்று சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்.