உன் பேர்ல கேஸ் இருக்கு

அரபு நாட்டில் வேலை பார்த்தபோது சத்வாவில் எங்கள் ரூமில் ஆறு பேர் இருந்தோம். ஆறு பேரில் சட்டம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எப்படித் தெரியும் என்றால், ஒருமுறை எங்கள் கம்பெனி ஆள் ஒருவனுக்குத் துணையாகப் போலீஸ் ஸ்டேஷனில் அரை நாள் உட்கார்ந்திருக்கிறேன். லீவு முடிந்து நான்கு நாள் தாமதமாக வந்தவனை, விசா கொடுத்த கஃபீல் ‘வேலையை விட்டு ஓடிவிட்டான்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த அரை நாளில் குடித்த மூன்று சுலைமானி டீயும் காதில் விழுந்த இந்தியும்தான் என் சட்டப் படிப்பு. நான் பார்த்தது ஸ்டோர் கீப்பர் வேலை. ஆனால் ரூமில் எல்லோரும் என்னை வக்கீல் என்று கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

லீவு நாளில் சாப்பாடு முடிந்ததும் வகுப்பு ஆரம்பிக்கும். செக் திரும்பினால் என்ன ஆகும், கேட்காமல் ஒருவரைப் போட்டோ எடுத்து அனுப்பினால் என்ன ஆகும், எல்லாம் சொல்வேன். “கேஸ் முடிஞ்சிருச்சுன்னு நாம நினைப்போம். பேப்பர்ல முடிஞ்சிருக்கும், கம்ப்யூட்டர்ல நிக்கும். ஏர்போர்ட்ல பாஸ்போர்ட்ட வச்சதும் சிவப்பா எரியும்” என்பேன். இதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று எனக்கே தெரியாது.

என் கட்டிலுக்கு மேல் கட்டில்காரன் புதுக்கோட்டைப் பக்கத்து ஆள், கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் ஷட்டரிங் கார்பென்டர். ஷார்ஜாவில் வேறு ரூமில் இருந்துவிட்டு அப்போதுதான் இங்கே வந்திருந்தான். ஒருநாள் டூட்டி முடிந்து வந்தவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. பழைய ரூம்மேட் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை என் காதில் வைத்தான்.

“மாப்ள, கேஸ் இன்னும் உன் பேர்லதான் இருக்கு. ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்து கேட்டுட்டுப் போனான். ஐடி கார்டோட வந்து க்ளோஸ் பண்ணணுமாம். சீக்கிரம் வாடா.”

நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் முறை கேட்டேன். பெரிய டாக்டர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

“யாரையாவது அடிச்சியா?”

“இல்லண்ணே.”

“திட்டுனியா?”

அவன் தலையைச் சொறிந்தான். ஷார்ஜாவில் இருந்தபோது சைட் வாட்ஸ்அப் குரூப்பில் ஃபோர்மேனை எருமை என்று வாய்ஸ் போட்டிருக்கிறான். ஃபோர்மேன் தமிழ் புரியாத பட்டாணியாக இருந்திருந்தால் தப்பித்திருப்பான். அவர் மலையாளி. எருமை அங்கேயும் எருமைதான்.

“முடிஞ்சது. இந்த ஊர்ல நேர்ல திட்டுறதவிட போன்ல திட்டுறது பெரிய குத்தம். உன் குரலே சாட்சி.” என் குரலில் அன்று இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. கையில் நிஜமான கேஸ் ஒன்று கிடைத்துவிட்டது அல்லவா? அடுக்கடுக்காக ஆலோசனை சொன்னேன். ஷார்ஜா பக்கம் தலை வைத்துப் படுக்காதே. சிம்மை மாற்று. பழைய ரூம்காரனோடு பேச்சை நிறுத்து. முக்கியமாக, ஏர்போர்ட் பக்கமே போகாதே.

சொன்ன சொல் தட்டாமல் கேட்டான். அப்போது ஊரில் அவன் மனைவிக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்குப் போக லீவு வாங்கியிருந்தவன், சைட்டில் அவசரம் என்று ஏதோ சொல்லி ரத்து செய்தான். மகள் பிறந்தாள். போன் திரையிலேயே குப்புற விழுந்தாள், நடந்தாள். இடையில் அவனுக்கு விசா ரினியூவல் எந்தத் தடங்கலும் இல்லாமல் நடந்தது. “கேஸ் இருந்தா விசா அடிப்பானாண்ணே?” என்று ஆசையாகக் கேட்டான். “விசா வேற டிபார்ட்மென்ட், ஏர்போர்ட் வேற” என்று அந்த ஆசையிலும் மண்ணைப் போட்டேன்.

இரண்டு வருஷம் இப்படியே போனது. பிறகு வேறு கம்பெனியில் நல்ல வேலை ஒன்று வந்தது. குற்றப் பதிவு எதுவும் இல்லை என்று போலீஸிடமிருந்து ஒரு சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். பயந்தவனுக்குத் தைரியம் சொல்லி, அரசாங்க விண்ணப்பம் அடித்துத் தரும் டைப்பிங் சென்டருக்கு நான்தான் கூட்டிப்போனேன். மாட்டினால் பேச வக்கீல் வேண்டாமா?

அங்கே கம்ப்யூட்டர் முன் இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண். அவர் இவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை, அதற்குள் இவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பத்திரமாக வைத்திருந்த வாய்ஸ் மெசேஜையும் போட்டுக் காட்டினான். அவர் ஒருமுறை கேட்டார். இன்னொருமுறை கேட்டார்.

“அண்ணை, அந்த ரூமில அடுப்புக் கனெக்ஷன் ஆரின்ர பேரில இருந்தது?”

“என் பேர்லதான். எங்கிட்டதான் அப்ப ஐடி கார்டு இருந்துச்சு.”

“அப்ப இது காஸ் எல்லோ! சமைக்கிற காஸ். நாங்கள் அதைக் காஸ் எண்டுவம், மற்றதை வழக்கு எண்டுவம். நீங்கள் ரெண்டையும் கேஸ் எண்டால் ஆருக்கு விளங்கும்?” சொல்லிவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்.

நான் லேசில் விடவில்லை. “எதுக்கும் சர்டிபிகேட் வரட்டும்” என்றேன். நான்கு நாளில் வந்தது. அவன் பேரில் ஒன்றுமே இல்லை.

அன்று ரூமே அவனைத் தூக்கிக் கொண்டாடியது. அவன் உடனே மனைவியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான். கேஸ் விஷயத்தை ஊரில் அவளிடம் மட்டும் பிரசவத்துக்கு முன்பே சொல்லியிருந்தான் போல. “ஒண்ணும் இல்லையாம், நான் சுத்தம்!” என்று கத்தினான். காஸ் கதையையும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னான்.

அந்தப் பக்கம் சிரிப்பே வரவில்லை. “அப்ப ரெண்டு வருஷமா எதுக்கு வரல?” என்று கேட்டாள்.

ரூமில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போனை நான் வாங்கினேன்.

“அவன் மேல தப்பு இல்லம்மா. போகாதன்னு சொன்னது நான்தான்.”

“நீங்கதான் வக்கீலண்ணனா? பிரசவத்துக்குத் தனியா ஆஸ்பத்திரிக்குப் போனப்பகூட, வக்கீலண்ணன் இருக்காரு, இவர உள்ள தள்ள விடமாட்டாருன்னு நெனச்சுக்கிட்டுத்தாண்ணே போனேன்.”

அவள் குரலில் கோபம் துளிகூட இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எருமை என்று சொல்லியிருந்தால்கூட. மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், “அவர முதல்ல ஃப்ளைட்டு ஏத்திவிடுங்க. புள்ள இந்த போனத்தான் அப்பான்னு கூப்புடுது” என்றாள்.

“சரிம்மா” என்றேன். போனை அவனிடம் கொடுத்துவிட்டு, என் கட்டிலுக்கு அடியிலிருந்த அவன் பெட்டியை வெளியே இழுத்தேன்.