நெற்றிப்பொட்டில் எடுத்த ஸ்கேன்

இலவசக் கலர் டிவி வந்த வருடம் அது. என் அக்காவுக்குச் சீப்பு பட்டாலே தலை வலித்தது. இடது நெற்றிப்பொட்டில் நரம்பு கயிறு மாதிரிப் புடைத்து நின்றது. வெற்றிலையை நாலு தரம் மென்றால் தாடை கடுக்கும், நிறுத்தினால் விட்டுவிடும். பல் கோளாறு என்று ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிப் போட்டோம். நல்ல பல்.

"வாய்க்கு ஓய்வு வேணும்னு தாடை கேக்குதுக்கா" என்று கேலி செய்துகொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் அவளுடைய இடது கண் இருண்டது.

நிலக்கோட்டையிலிருந்து பஸ் ஏறித் திண்டுக்கல் போனோம். டாக்டரம்மா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பிள்ளைத்தாய்ச்சி வயிற்றில் தடவுகிற அதே பசையைத் தலையில் தடவி, அதே கருவியை வைத்து உருட்டினார்கள்.

"எத்தனை மாசம்னு கேளுடி" என்றாள் அக்கா.

"ரெண்டு பக்கமும் பாக்குறாகக்கா. ரெட்டைப் புள்ளையா இருக்கும்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. திரையில் ரத்தக்குழாயைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையத்தைக் காட்டினார்.

"குழாயோட சுவரு வீங்கியிருக்கும்மா. ரெண்டு பக்கமும் இருக்கு. போன கண்ணு திரும்ப வராது. மிச்சக் கண்ணு தங்கணும்னா இந்த மாத்திரையை இன்னைக்கே ஆரம்பிக்கணும். ஒரு வேளை கூடத் தள்ளிப் போடாதீங்க."

வீட்டுக்கு வந்து மாத்திரையைப் பிரிக்கும்போது சுவர்க் காலண்டர் கண்ணில் பட்டது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் தடுமாறாமல் வாசிப்பது அது ஒன்றைத்தான். அன்று அஷ்டமி. மறுநாள் நவமி. அந்த இரண்டு நாளில் நாங்கள் விதை ஊன்ற மாட்டோம், புதுப் பானையை அடுப்பில் ஏற்ற மாட்டோம். மாதக்கணக்கில் சாப்பிட வேண்டிய மருந்தை எப்படித் தொடங்குவது?

"தசமியில ஆரம்பிப்போம்க்கா. செத்தப் பொறு."

"அந்தப் பொண்ணு இன்னைக்கேன்னுச்சேடி."

"அதுக்கு என்ன தெரியும். இங்கிலீசுல படிச்ச புள்ளை."

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மாத்திரை மாடக்குழிக்குப் போனது.

தசமி காலையில் மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு உள்ளே வந்தேன். வெயில் பாய் வரைக்கும் விழுந்து கிடந்தது. அக்கா அதில் உட்கார்ந்து சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, இன்னும் விடியலையா? கரண்டும் இல்லையா?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற வாய் எனக்கு. "ஆமாக்கா, கரண்டு இல்லை" என்றேன். மாடக்குழியிலிருந்து மாத்திரையை எடுத்து அவள் கையில் வைத்தேன். அன்றே திண்டுக்கல்லுக்கு ஓடினோம், ஊசி போட்டார்கள். ஒன்றும் திரும்பவில்லை.

இருந்தவரைக்கும் அக்கா என்னைத் திட்டவில்லை. தினமும் மாத்திரையை நீட்டும்போது மட்டும், உள்ளங்கையை விரித்தபடி கேட்பாள்.

"இன்னைக்கு நாளு நல்லாருக்காடி?"

காலண்டரை நான் என்றைக்கோ கிழித்து அடுப்பில் போட்டிருந்தேன். அவளுக்கு அது தெரியாது.

"நல்லாருக்குக்கா" என்பேன்.