அரை ஏக்கர் கிழங்கு

திருச்சிப் பாசஞ்சர் போய் ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது. கேட் இன்னும் மூடியே இருக்கிறது. இந்தப் பக்கம் மூன்று மாட்டு வண்டி, அந்தப் பக்கம் இரண்டு, நடுவில் வெறும் தண்டவாளம். கேட்டைத் திறக்க வேண்டிய அய்யம்பெருமாள் லைனுக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றுகொண்டு, ஒரு வட்ட இலையைப் புரட்டி, அதன் அடியில் ஒட்டியிருக்கும் நத்தை முட்டையை நகத்தால் வழித்துக்கொண்டிருக்கிறார்.

“மச்சான், ரயிலு திருச்சிக்கே போயி சேந்திருக்கும். எங்கள விடுறியா, இல்ல நாங்களும் எறங்கி நத்த பொறுக்கணுமா?” என்று கடலை மூட்டை வண்டியின் மேலிருந்து கேட்கிறார் செந்துறைச் செல்லப்பன்.

“எறங்கேன் மாப்ள. இன்னும் நாப்பது எல கெடக்கு.”

சொல்லிவிட்டு ஏறி வருகிறார். இடுப்புக்கு மேலே ரயில் கம்பெனி கொடுத்த நீலச் சட்டை, கக்கத்தில் சுருட்டிய பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும். இடுப்புக்குக் கீழே கோவணம் மட்டும். வேட்டி கேட் கம்பியில் காய்கிறது. ரயில் வரும்போது கேட்டின் பின்னால் நெருங்கி நின்று கொடி காட்டுவது அவர் வழக்கம். எஞ்சின் டிரைவர் கண்ணுக்குச் சட்டை தெரிந்தால் போதும். “மேல பாதி கம்பெனி ஆளு, கீழ பாதி தவளை. சம்பளம் மேல பாதிக்குத்தான் குடுக்குறாங்க” என்பது அவரே சொன்ன கணக்கு.

அரியலூருக்கும் செந்துறைக்கும் நடுவே உள்ள கேட் இது. நம்பரை நான் எழுதப்போவதில்லை. அய்யம்பெருமாள் என்பதும் அவருடைய உண்மைப் பெயர் அல்ல. போன தடவை அவரைப் பற்றி எழுதியபோது பெயரையும் நம்பரையும் சரியாகப் போட்டேன். மற்றதைத் தவறாகப் போட்டேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

லைன் போட்ட காலத்தில் மேட்டுக்கு மண் வெட்டிய பள்ளம் அது. மழைத் தண்ணீர் தேங்கும். எருமை படுக்கும். எட்டு வருஷத்துக்கு முன் அய்யம்பெருமாள் ரஞ்சன்குடியில் மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தார். அங்கே கோட்டை அகழியில் செங்கழுநீர் பூத்துக் கிடந்தது. ஒரு கிழங்கைச் சேற்றோடு பிடுங்கி, ஈரத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பக்கத்தில் உட்கார்ந்தவர் துண்டிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து, “என்ன, மீனா?” என்று கேட்டார். இவர் ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

“மீனுன்னாத்தான் சார் மதிப்பு. பூன்னு சொல்லியிருந்தா வழியிலயே எறக்கி விட்டிருப்பான்.”

முதல் வருஷம் எருமை தின்றது. இரண்டாம் வருஷம் சித்திரையில் பள்ளம் பாளம் பாளமாக வெடித்தது. அய்யம்பெருமாள் கிழங்கு இருந்த இடத்தில் பனையோலை பரப்பி, கேட் கிணற்றிலிருந்து தினமும் இருபது குடம் இறைத்து ஊற்றினார். “வூட்டுக்கு ரெண்டு கொடம் கேட்டா இடுப்பு வலிக்குதும்பாரு. சேத்துக்கு ஊத்த மட்டும் இடுப்பு எங்கேருந்து வந்துச்சுன்னு கேளுங்க” என்கிறார் அவர் மனைவி பச்சையம்மாள். மூன்றாம் வருஷம் கார்த்திகையில் முதல் பூ பூத்தது. ஓடிப்போய் மனைவியை அழைத்து வந்து காட்டினார். அந்த அம்மாள் கரையில் நின்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “இதுக்கா?” என்று கேட்டுத் திரும்பிப் போய்விட்டார். இன்று வரை அந்த நாலு எழுத்துக்குப் பதில் கிடைக்கவில்லை என்கிறார் அய்யம்பெருமாள்.

எரு வைப்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார். ஆட்டுப் புழுக்கையைக் களிமண்ணில் பிசைந்து, கொழுக்கட்டை அளவுக்கு உருட்டி, வெயிலில் காயவைப்பார். மாதம் ஒருமுறை ஒவ்வொரு செடியின் தூரிலும் ஓர் உருண்டையைக் கையால் அமுக்கிப் புதைப்பார். அப்படியே கரைத்து ஊற்றினால் தண்ணீர் முழுதும் பாசி பிடித்துவிடுமாம். போன கோடையில் வெயில் விழும் இடம் வேறு இல்லை என்று பச்சையம்மாளின் வடகப் பாயிலேயே ஒரு ஓரமாக உருண்டைகளைக் காயவைத்தார். அந்த வருஷத்து வடகத்தை அந்த வீட்டில் யாரும் தொடவில்லை.

பூவைப் பறிப்பதில்லை. கோவிலுக்குக் கேட்டுவந்தவர்களிடம் கரையைக் காட்டி, அங்கேயே கும்பிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார். “பறிச்சாலும் வாடும், விட்டாலும் நாலு நாளுல வாடும். அதுக்குப் பழகின எடத்துலயே வாடிட்டுப் போவட்டுமே.” பிறகு அவரே சிரித்துக்கொள்கிறார். “எட்டு வருசமா எறங்கி ஏறுனதுல எனக்குன்னு கெடச்சது சேத்துப்புண்ணு. அதையும் பறிக்க முடியல.”

இனி என் கதை.

யுத்தம் வந்து அரிசிக்கு ரேஷன் வந்ததிலிருந்து, காலி நிலத்திலெல்லாம் உணவு விளைவிக்க வேண்டும் என்று உத்தரவுகள் பறக்கின்றன. கேட்காரர்களும் தப்பவில்லை. ஒவ்வொருவரும் தம் கேட்டடியில் என்ன விளைகிறது என்று சொல்ல வேண்டும். பயிர் இல்லாத பள்ளம் நெல் போடப் பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் போய்விடும். பயிர் உள்ள பள்ளம் கேட்காரர் கையில் இருக்கும். அய்யம்பெருமாள் உண்மையைத்தான் சொன்னார்: “செங்கழுநீருங்க.” பட்டியல் எழுதிய குமாஸ்தா, “திங்கிற மாதிரி எதாச்சும் சொல்லுய்யா” என்றார். “அதோட கெழங்க அவிச்சுத் திங்கலாம்னு சொல்லுவாங்க. நான் தின்னதில்லீங்க” என்றார் இவர். குமாஸ்தா ‘கிழங்கு’ என்று எழுதிக்கொண்டார். அதிலும் பொய் இல்லை.

பட்டியல் எங்கள் பத்திரிகை ஆபீஸுக்கும் வந்தது. அன்று மூன்றாம் பக்கத்தில் நாலு வரி இடம் காலியாக இருந்தது. அச்சுக்குப் போக கால் மணி நேரம். ‘பள்ளம் ஒன்று, கிழங்கு’ என்று இருந்ததை எடுத்தேன். பள்ளம் என்று மட்டும் போட்டால் வாசகருக்கு என்ன தெரியும் என்று ‘அரை ஏக்கர்’ என்பதைச் சேர்த்தேன். இன்னும் ஒரு வரி இடம் இருந்ததால் ‘குடும்பத்தோடு பாடுபட்டு’ என்பதையும் சேர்த்தேன். என்னை நானே மெச்சிக்கொண்டு காப்பி குடிக்கப் போனேன்.

அடுத்த வாரம் ஆசிரியர் கூப்பிட்டு, அந்தக் கிழங்குக்காரரைப் பார்த்து விரிவாக எழுதிவரச் சொன்னார். ஒரு மாசி மாதச் செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில் போய் இறங்கினேன். செங்கழுநீர் மாலையில் விரிந்து, மறுநாள் காலை பத்தரை மணிக் கூட்ஸ் போகும்போது மூடிக்கொள்ளும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? இலைகளும், நடுவே நீட்டிக்கொண்டிருந்த மொட்டுகளும்தான் தெரிந்தன. பள்ளம் பத்து சென்டு இருந்தால் அதிகம்.

“கிழங்கு வயல் எந்தப் பக்கம்?” என்று கேட்டேன்.

அய்யம்பெருமாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அரை ஏக்கருன்னு எழுதுனது நீங்கதானா சார்?”

ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையோடுதான்.

“நல்லா எழுதியிருந்தீங்க. குடும்பத்தோட பாடுபட்டதப் படிச்சுக் காட்டுனப்பதான் இவளுக்கே விசயம் தெரிஞ்சுது.” பக்கத்தில் நின்ற பச்சையம்மாளைக் காட்டிச் சொல்லிவிட்டு, ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். பத்திரிகையில் வந்த செய்தியைப் பார்த்து மகிழ்ந்த ரயில்வே அதிகாரி ஒருவர், வியாழக்கிழமை காலை அறுவடையை நேரில் பார்க்க வருகிறாராம்.

“எடுத்துக் காட்டுனா பூ போச்சு. காட்டலேன்னா பள்ளம் போச்சு” என்றார் அய்யம்பெருமாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“ரெண்டு கிழங்கு எடுத்துக் காட்டினால் போதாதா?” என்றேன்.

பச்சையம்மாள் குறுக்கிட்டார். “அரை ஏக்கருக்கு ரெண்டு கெழங்கா? நீங்களே எழுதுவீங்களா ஐயா?”

அன்றே ஊர் திரும்பிய நான் வியாழக்கிழமை காலை மறுபடி போனேன். எட்டு மணிக்கு அதிகாரி, தண்டவாளத்தில் ஆள் தள்ளிவரும் டிராலியில் வந்து இறங்கினார். வேணுகோபால் என்று வைத்துக்கொள்வோம். கெட்ட மனிதர் இல்லை, அவசர மனிதர். அன்றைக்கு அவர் இன்னும் ஆறு கேட் பார்க்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பள்ளத்தில் நாற்பது பூவாவது விரிந்திருந்தது, நல்ல ரத்தச் சிவப்பில். நானே அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். அதிகாரியும் பார்த்தார்.

“இது என்னப்பா, பூவா இருக்கு?”

“கெழங்கு கீழ இருக்குதுங்க.”

“சரி. அரை ஏக்கர் எங்கே?”

அய்யம்பெருமாள் பச்சையம்மாளைப் பார்த்தார். பச்சையம்மாள் என்னைப் பார்த்தார். நான் கைகாட்டி மரத்தைப் பார்த்தேன். அது கையை நீட்டியபடியே நின்றது. உதவிக்கு வருவதாகத் தெரியவில்லை.

“அது நான் போட்டது, சார்” என்றேன். “பத்திரிகையில்.”

“ஓ” என்றார் அதிகாரி. அந்த ஒரு எழுத்தில் என் பதினோரு வருஷப் பத்திரிகை வேலையைப் பற்றிய அபிப்பிராயம் முழுவதும் இருந்தது. முதல் நாள் பிடுங்கி, பச்சையம்மாள் அவித்து உப்புப் போட்டு வைத்திருந்த நாலைந்து கிழங்கில் ஒன்றை அதிகாரி எடுத்துக் கடித்துப் பார்த்தார். “பரவாயில்லையே, நல்லா இருக்கு” என்று இன்னொன்றும் தின்றார். பிறகு கைக்குட்டையில் விரலைத் துடைத்தார்.

“இதோ பாருப்பா. இடம் சின்னது. ஏக்கர் கணக்கு மேலே போயாச்சு. மூட்டையாவது கண்ணுக்குத் தெரியணும். இருக்கிறது எல்லாத்தையும் எடுத்துடு. ரயில்வே தானியக் கடைக்கு நானே கொண்டுபோறேன். ரெண்டு மூட்டை வந்தால் பள்ளம் உன் பேரிலேயே இருக்கட்டும்னு எழுதிடறேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

அய்யம்பெருமாள் சட்டையைக் கழற்றினார். அவர் சட்டையில்லாமல் அந்தப் பள்ளத்தில் இறங்கி நான் பார்த்தது அன்றுதான். வலது காலால் சேற்றைத் துழாவுவார், கிழங்கு தட்டுப்பட்டதும் குனிந்து, தோள் வரை தண்ணீரில் போய், உலுக்கிப் பிடுங்குவார், கரைக்கு எறிவார். பச்சையம்மாள் கழுவிக் கூடையில் போடுவார். வேரறுந்த இலைகள் காற்றில் ஒரு மூலைக்கு ஒதுங்கின. விரிந்த பூக்கள் விரிந்தபடியே தண்ணீரில் சாய்ந்து மிதந்தன. வண்டியோடு வந்த செல்லப்பன் கேட் திறந்திருந்தும் தாண்டிப் போகவில்லை. வண்டியிலிருந்து இறங்கி மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். 

“முந்தியே நான் சொன்னேன், ஒரு சுரக்கொடி போடுங்கன்னு” என்று ஆரம்பித்த பச்சையம்மாள், முதல் கூடை நிறைந்ததும் அடுத்த கூடையை இழுத்து வைத்துக்கொண்டார்.

நான் என் தொழிலைச் செய்தேன். நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ‘முற்றிலும் தோண்டப்பட்டது’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன். மூன்றாவது கூடையை மூட்டையில் கொட்டும்போது ஒரு கிழங்கு உருண்டு என் செருப்பருகே வந்து நின்றது. எடுத்தேன். அதன் தலைப்பக்கம், குருத்து இருக்க வேண்டிய இடம், ஒடிந்திருந்தது. ஒடிந்த வாய் பால் போல் வெள்ளையாக ஈரமாக இருந்தது. கூடையில் இருந்ததையும் பார்த்தேன். எதற்கும் தலை இல்லை. பச்சையம்மாள் என் கையிலிருந்து கிழங்கை வாங்கி, ஒடிந்த பக்கம் கீழே இருக்கும்படி மூட்டையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஒடிச்ச தலை முளைக்குமா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“யாருக்குத் தெரியும் ஐயா? இந்த வாரத்துக்கு முன்னால அவரு ஒண்ணக்கூடப் பிடுங்குனதில்லையே” என்றார் அந்த அம்மாள்.

அதற்குப் பிறகுதான் பள்ளத்தைச் சரியாகப் பார்த்தேன். ஒவ்வொரு கிழங்கையும் எறிந்த பிறகு அய்யம்பெருமாள் உடனே நகரவில்லை. மூச்சு வாங்குகிறவர்போல அதே இடத்தில் சற்று நின்றார். பிறகுதான் அடுத்த அடி வைத்தார்.

இரண்டு மூட்டை நிறைந்து வாய் கட்டியாயிற்று. அதிகாரி டிராலியில் ஏறிக்கொண்டே, “என்னப்பா, எல்லாம் எடுத்தாச்சா? ஒண்ணும் மிச்சம் இல்லையே?” என்று கேட்டார்.

“ஆச்சுங்க” என்றார் அய்யம்பெருமாள். இடுப்பளவு கலங்கல் தண்ணீரில் விறைப்பாக நின்று நெற்றியில் கை வைத்து ஒரு சலாம் போட்டார். சலாம் வைத்த கை இறங்குவதற்குள் அவர் உடம்பு மட்டும் வலது பக்கமாகச் சாய்ந்து, இரண்டு விரற்கடை தாழ்ந்தது; குதிகால் எதையோ சேற்றுக்குள் அழுத்திக்கொண்டிருந்தது.