கோழிக்குஞ்சுக் கூட்டத்தைப் படம்பிடித்த பூன்பான்

தாய்லாந்தின் தோய் இன்தனோன் மலையடியில் மஞ்சள் ஷேர் வண்டி ஓட்டும் பூன்பானுக்கு ஐம்பத்து மூன்று வயதில் ஒரு பித்துப் பிடித்தது. நட்சத்திரக் கூட்டங்களைப் படம்பிடிக்கும் பித்து. முதல் தொலைநோக்கியை வண்டிக்கு வாங்கிய சைலன்சர் என்று பொய் சொல்லித்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தான். மூன்றாம் நாள் மனைவி சொம்பூ கேட்டாள்: "சைலன்சரை வச்சுக்கிட்டு எதுக்குய்யா வானத்தைப் பாக்குறே?"

இரண்டு வருடத்தில் பதினேழு கூட்டங்கள் சிக்கின. எங்கள் ஊரில் கோழிக்குஞ்சு என்று சொல்லும் கார்த்திகைக் கூட்டம் மட்டும் சிக்கவில்லை. அதைச் சுற்றியிருக்கும் நீலப் புகை படத்தில் விழ நல்ல இருட்டு வேண்டும். பக்கத்திலோ லம்துவானின் செவ்வந்தித் தோட்டம். செடி வளருமுன் மொட்டு வைத்துவிடக் கூடாதென்று குளிர்காலம் முழுக்க அங்கே வரிசை வரிசையாகப் பல்பு எரியும்.

"அக்கா, ஒரே ஒரு நாள், ரெண்டு மணி நேரம் அணைச்சு வையுங்க."

"அணைச்சா என் செடி தூங்கிடும். நீயா வந்து எழுப்புவே?"

"ஒரு வாரம் உங்க பூவைச் சந்தைக்குச் சும்மா ஏத்திட்டுப் போறேன்."

"ரெண்டு வாரம்," என்றாள் லம்துவான்.

அமாவாசையன்று எட்டரை மணிக்குத் தோட்டம் இருண்டது. பூன்பான் தொலைநோக்கியை முக்காலித் தாங்கியில் நிறுத்திக் கேமராவை மாட்டி, இரண்டிரண்டு நிமிடமாகப் படங்கள் எடுக்கத் தொடங்கினான். பல வருடமாகக் குளிர்காலத்தில் அந்த இருட்டைப் பார்த்திராத ஊர் பதறிவிட்டது. பூத்திருடன் வந்துவிட்டான் என்று பத்துப் பதினைந்து பேர் டார்ச்சோடு ஓடிவந்தார்கள். முன்னால் வந்த ஊர்த்தலைவர் அலறினார்: "அங்க பாருங்கடா, மூணு காலோட ஒருத்தன் நிக்கிறான்!"

அத்தனை வெளிச்சமும் தொலைநோக்கியின் வாய்க்குள் பாய்ந்தது.

"அணைங்க! எல்லாத்தையும் அணைங்க!" பூன்பானுக்கு அழுகையே வந்துவிட்டது.

லம்துவான் வெளியே வந்தாள். "சத்தம் போடாதீங்க. தம்பி கோழிக்குஞ்சு பிடிக்குது."

"இந்நேரத்துலயா? யார் வீட்டுக் கோழி?" என்றார் தலைவர்.

பூன்பான் மேலே கையைக் காட்டினான். அண்ணாந்து பார்த்தவர்களின் டார்ச்சுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பிறகு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வரப்பில் உட்கார்ந்துகொண்டார்கள். பல்பைப் போட வேண்டும் என்பதே லம்துவானுக்கு மறந்துபோய், இரண்டு மணி நேரம் மூன்றாக நீண்டது.

டார்ச் விழுந்த பதினொரு படங்களைத் தள்ளிவிட்டு, மற்றதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்தான் பூன்பான். பட்டு நூல் போல நீலப் புகை எழுந்து வந்தது. சொம்பூ அதைப் பெரிதாக அச்சடித்து வண்டிக்குள் மாட்டினாள்.

தலைவர் மூக்கை ஒட்டிவைத்து எண்ணிப் பார்த்தார். "ஒரு தாய்க்கோழிக்கு ஆறு குஞ்சுன்னு தானேடா கதை சொன்னாங்க? இருநூத்துக்கு மேல போகுதே!"

"அந்தக் கோழிக்கு என்ன தீனி போட்டாங்களோ!" என்றாள் பூக்கூடையை ஏற்றிக்கொண்டிருந்த லம்துவான். அது மூன்றாவது வாரம். பூன்பானும் ஞாபகப்படுத்தவில்லை.